தலைமாட்டில் ஒரு போன்

மலர்ச்சாலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று உங்கள் மனேஜர் கேட்டார். நேரில் வந்து சொல்கிறேனே என்றேன். "வேண்டாம் அக்கா, எழுதித் தந்தால் குரூப்பில போட்டுவிடலாம், அவையள் போனில வாசிப்பினம்" என்றார். ஆகவே நீங்கள் இதைப் போனில்தான் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். இடையில் வேறு ஏதாவது வந்து விழும், அதையும் பார்ப்பீர்கள், பிறகு எங்கே விட்டோம் என்று தெரியாமல் கடைசிப் பந்திக்குத் தாவுவீர்கள். பரவாயில்லை. நானும் போனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

உடலைக் கழுவுவது, பதப்படுத்துவது, உடுத்துவது, கனத்தை மயானத்தில் நேரம் எடுப்பது எல்லாம் உங்களுக்குப் பழக்கித் தருவார்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளவத்தையில் இந்த மலர்ச்சாலையின் முன்மேசையில் உட்கார்ந்து, ஓய்வு பெறும் வரைக்கும் நான் மல்லுக்கட்டியது உயிரோடு இருப்பவர்களோடு. இறந்தவர்கள் ஒரு கரைச்சலும் தருவதில்லை. எந்தப் பக்கம் திருப்பி வைத்தோமோ அந்தப் பக்கமே இருப்பார்கள். வை-ஃபை பாஸ்வேர்ட் கேட்கமாட்டார்கள்.

வெள்ளவத்தையில் செத்தவீட்டுக்கு வீடு கிடையாது. எல்லாம் தொடர்மாடி. லிஃப்டுக்குள் பெட்டியை நிமிர்த்தி வைத்தால்தான் கதவு மூடும். அதனால் ஆள் போனதும் எங்களிடம் கொண்டுவந்து, எங்கள் மண்டபத்தில் பார்வைக்கு வைத்து, கிரியையையும் இங்கேயே செய்து அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் பாதிப்பேர் வெளிநாட்டில். ஆகவே செத்தவீட்டில் பாதி வெள்ளவத்தையிலும் மீதி போனிலும் நடக்கும். இந்த இரண்டு பாதியையும் ஒட்டிவைப்பதுதான் முன்மேசைக்காரரின் வேலை.

போனை நான் சும்மா திட்டமாட்டேன். திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் போனிலேயே திட்டி, எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டு இருப்பார்கள். போன் வருவதற்கு முன்பு இருந்த லட்சணமும் எனக்குத் தெரியும். தகப்பன் செத்து எரித்து எட்டாம் நாள் செலவும் முடிந்த பிறகு ஜெர்மனியில் மகனுக்குச் செய்தி போன காலம் அது. அந்த மகன் பிறகு வந்து வெறும் மண்டபத்தைப் பார்த்து அழுததையும் நான் கண்டிருக்கிறேன். அதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் மேலான ஒரு சாமானைக் கையில் கொடுத்தால் அதை வைத்து எவ்வளவு கேவலமாக நடக்கலாம் என்பதையும் எங்கள் சனம் காட்டாமல் விட்டதில்லை.

அஞ்சலி செலுத்த வரிசையில் நிற்பவர்கள் குனிந்த தலை நிமிராமல் வருவார்கள். துக்கத்தில் குனிந்திருக்கிறார்கள் என்று முதல் வாரம் நீங்கள் நம்புவீர்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மச்சான், நான் பெட்டிக்குப் பக்கத்தில நிக்கிறன், நீ எங்க?" என்று கேட்பவரைக் காண்பீர்கள். மரண அறிவித்தலுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய பெரிய மனிதரையும் எனக்குத் தெரியும். அவர் பிறகு நேரில் வந்து, கைதவறி அழுத்திவிட்டேன் என்று இறந்தவரிடமே மன்னிப்புக் கேட்டார். அது ஒன்றுதான் அன்று அவர் போன் இல்லாமல் பேசியது.

பெரிய கதைக்குப் போகுமுன் ஒரு சின்னக் கதை. ஓர் அம்மாவின் உடல் பார்வைக்கு இருந்தது. அவருடைய தங்கச்சி கனடாவில். இங்கே இருந்த பேரன், சின்ன அம்மம்மாவுக்கு முகத்தைக் காட்டுகிறேன் என்று ஒற்றைக் கையால் போனைப் பிடித்துப் பெட்டிக்கு மேலே நீட்டினான். வியர்த்த கை. போன் நழுவி மலர்களுக்குள் விழுந்து மறைந்தே போனது. மண்டபம் ஒரு கணம் அமைதியானது. அந்த அமைதியில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு வயதான பெண்ணின் குரல் கேட்டது. "எனக்கு ஒண்டும் தெரியேல்லை, ஒரே இருட்டா இருக்கு, ஆராவது இருக்கிறியளோ?"

முன்வரிசை கதிரைகளோடு பின்னுக்குப் போனது. இறந்தவரின் சம்பந்திக்கு மயக்கம் வந்தது. எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. அதை எப்படி விழுங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பெட்டியிடம் போய், பூக்களுக்குள் கைவிட்டு, போனை எடுத்து, "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, வெளிச்சத்துக்கு வாறம்" என்று சொல்லி, அதைப் பேரனின் இரண்டு கைகளிலும் வைத்தேன். பிறகு அவர்களே சிரித்தார்கள், இறந்தவரின் மகள்தான் முதலில். அவர்கள் சிரித்த பிறகுதான் நான் சிரித்தேன். இந்தத் தொழிலில் சிரிப்புக்கும் வரிசை உண்டு, நாங்கள் கடைசியில் நிற்க வேண்டும்.

இனி நான் எழுத வந்த கதை.

இறந்தவர் ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகத்தர். மனைவியோடு எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு தொடர்மாடியில் இருந்தவர். பின்னேரங்களில் கடற்கரைத் தண்டவாளப் பக்கமாக நடந்துவிட்டு வருவார், நானும் கண்டிருக்கிறேன். மரண அறிவித்தலில் ஒரே ஒரு பிள்ளையின் பெயர்தான் இருந்தது, லண்டனில் இருக்கும் மகன். அவரால் வர முடியவில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாராம். இறந்தவருடைய தம்பியும் அந்தத் தம்பியின் மகன் தர்சனும் இங்கே நின்று எல்லாம் பார்த்தார்கள். கொள்ளி வைக்கும் பொறுப்பும் தர்சனுக்குத்தான்.

பார்த்தார்கள் என்றா எழுதினேன்? பார்த்தது லண்டன். இவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காலையில் மகன் என்னை அழைத்து முதலில் கேட்டது வை-ஃபை எவ்வளவு ஸ்பீட் என்று. பெட்டி என்ன மரம் என்று பிறகுதான் கேட்டார், அதையும் கமெராவில் என்ன நிறமாக விழும் என்று அறியத்தான். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். ஒரு பெண் வரக்கூடும், வந்தால் உள்ளே விடக்கூடாது. சித்தப்பாவிடமும் சொல்லியிருக்கிறாராம்.

யார் என்று கேட்டேன்.

"அது உங்களுக்குத் தேவையில்லை அக்கா. அவள் வந்தா இனி அம்மாவுக்கு நான் போன் எடுக்கமாட்டன். அம்மாவுக்கும் சொல்லிப்போட்டன்."

கவனித்தீர்களா? வராத மனிதர், யார் வரலாம் யார் வரக்கூடாது என்று பட்டியல் போட்டார். தாயை மிரட்ட அவர் கையில் இருந்ததும் அந்த ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் ஒரு அழைப்பு. வருகிறவர்களின் முகம் எங்களுக்குத் தெரியாது தம்பி என்று மட்டும் சொல்லி வைத்தேன். அப்படியான நேரத்தில் ஓம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள்.

இரண்டு போன்கள். ஒன்று பெட்டியின் தலைமாட்டில் முக்காலியில் ஏற்றி வைத்தது. அதுதான் லைவ், உலகமெல்லாம் இருக்கும் சொந்தக்காரர் பார்க்க. மற்றது தர்சனின் கையில். அதில் மகன் வீடியோ அழைப்பில் இருந்தார், நெறியாள்கை செய்ய. கொஞ்சம் இடப்பக்கம், ஃபேனை நிற்பாட்டுங்கள், சத்தம் வருகிறது, அம்மாவை நிமிரச் சொல்லுங்கள், முகம் விழவில்லை. மனைவி பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தார். ஒவ்வொரு தடவையும் சொன்னபடி நிமிர்ந்தார், சொன்னபடி குனிந்தார். கணவரைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் கமெராவுக்கு முதுகு போய்விடுகிறது என்று அதற்கும் தடை. மேளம் இல்லாத குறையை மகன் தீர்த்து வைத்தார் என்று தேத்தண்ணி கொண்டுவந்தவர் ஒருவர் என் காதில் சொன்னார்.

ஒரு கட்டத்தில் தர்சன் குருக்களுக்கு முன்னால் போனை நீட்டினான். "ஐயா, இஞ்ச கட் ஆகிட்டுது, அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றது லண்டன். குருக்கள் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? அவர் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். ஒரே ஆத்மாவை ஒரே நாளில் இரண்டு தரம் வழியனுப்பிய பெருமை அவருக்கு. தலைமாட்டுப் போனின் திரையில் அடியிலிருந்து சிவப்பு இதயங்கள் மிதந்து மிதந்து மேலே போய்க்கொண்டிருந்தன. கவரேஜ் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

சுண்ணம் இடிக்கத் தொடங்கினார்கள். உரலும் உலக்கையும் உள்ளே, நான் வாசலுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் என் மேசையில். உலக்கை விழும் சத்தம் எனக்குப் பழகிப்போனது, பொதுவாகக் காதில் ஏறாது. அன்றைக்கு ஏறியது. உள்ளே ஓர் இடி கேட்டது. கொஞ்சம் பொறுத்து வெளியே ஓர் இடி, மெல்லிய, தகரத்தில் தட்டியது போன்ற சத்தம். உள்ளே குருக்களின் குரல், கொஞ்சம் பொறுத்து வெளியேயும் குருக்களின் குரல். லைவ் எப்போதும் சில நொடிகள் பிந்தித்தான் போய்ச் சேரும் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் மதிலுக்கு வெளியே நின்று யாரோ இந்தச் செத்தவீட்டைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து வெளியே போனேன். பக்கத்துக் கடையின் பூட்டிய கதவுக்கு முன்னால், நிழல் இருந்த அளவுக்குள் ஒடுங்கி, ஒரு பெண் நின்றாள். நாற்பதை ஒட்டிய வயது. பருத்திச் சேலை, தோளில் கைப்பை, முகத்துக்குக் கிட்டப் பிடித்த போன். எங்கள் வாசல் காவலாளி சிங்களவர். "உதே இந்தன் இன்னவா மிஸ்" என்றார். காலையிலிருந்து நிற்கிறாளாம். கதிரை கொடுத்தும் இருக்கவில்லையாம்.

என்னைக் கண்டதும் அவள் போனைத் தாழ்த்தினாள். "நான் உள்ள வரமாட்டன் அக்கா, பயப்படாதேங்கோ. பாத்துக்கொண்டு நிக்கிறன், அவ்வளவுதான்."

பெயர் சுகந்தி. இறந்தவரின் மகள். கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றிலிருந்து தமையன் அவளை வீட்டுக் குரூப்பிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் ஒரே அழுத்தில் நீக்கிவிட்டார். தகப்பன் மட்டும் விடவில்லை. பின்னேர நடை என்று சொல்லிக்கொண்டு கடற்கரைக்கு வந்து, அலைச் சத்தத்துக்குள் நின்று, நாளாந்தம் மகளோடு கதைத்துவிட்டு வீட்டுக்குப் போவாராம். ரயில் போனால் இருவரும் பேச்சை நிறுத்தி அது கடந்து போகும் வரை காத்திருப்பார்களாம். முந்தின நாள் பின்னேரம் அழைப்பு வரவில்லை. இவள் எடுத்தாள், மணி போனது, ஆள் எடுக்கவில்லை. அடுத்ததாக அவள் போனுக்கு வந்தது இந்த லைவ் லிங்க். கனடாவில் இருக்கும் மாமி ஒருவர் கையில் இருந்த எல்லா நம்பருக்கும் தள்ளிவிட்டிருந்தார்.

"அண்ணா பாத்துப் பாத்து என்னை வெட்டினவர். மாமி பாக்காமல் அனுப்பிப்போட்டா" என்றாள். தகப்பன் இறந்ததை அவள் அறிந்தது அப்படித்தான்.

உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. கேட்டது வேறு. சொல்லத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பெட்டி மூடேக்க அந்தப் போனைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோகச் சொல்லுவியளே அக்கா? அப்பான்ர முகம் வடிவாத் தெரியேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. நடுவில் ஒரு மதில். அதற்கு அந்தப் பக்கம் தகப்பன், இந்தப் பக்கம் மகள். அவளுடைய கெஞ்சல், போனைக் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கள் என்பது. நான் இந்தத் தொழிலில் எத்தனையோ அழுகையைக் கேட்டவள், அசைந்ததில்லை. அந்தக் கேள்விக்கு அசைந்தேன்.

நேரம் குறுகிக்கொண்டிருந்தது. சுண்ணம் இடித்து முடிந்தால் வாய்க்கரிசி. வாய்க்கரிசி முடிந்தால் பெட்டி மூடப்படும். பிறகு ஆண்கள் கனத்தைக்குப் போவார்கள், எங்கள் வழக்கத்தில் பெண்கள் போவதில்லை. ஆகவே அவளுக்கு இருந்தது இந்த மண்டபமும் இந்தக் கொஞ்ச நேரமும்தான்.

முன்மேசைக்காரர் ஒருவர் இந்த இடத்தில் யோசிக்க வேண்டியதை நான் யோசித்தேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகலாம். வாசல்படி ஏறுமுன்பே போனில் தமையன் காண்பார். சித்தப்பா சத்தம் போடுவார். உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தாய் மகனா மகளா என்று அங்கேயே தீர்மானிக்க வேண்டிவரும். அப்படி ஒரு காட்சியில் அந்த அம்மாவை நிறுத்த எனக்கு உரிமை இல்லை. மாறாக, குடும்ப விஷயம் என்று மேசைக்குத் திரும்பலாம். அதுதான் விதிமுறை. விதிமுறைப்படி நடந்துவிட்டு அன்றிரவு நான் சாப்பிட்டிருக்கமாட்டேன்.

சித்தப்பாவையோ லண்டனையோ என்னால் எதிர்க்க முடியாது. ஆனால் அவர்கள் எல்லோருமே எங்கள் வை-ஃபையில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். சொந்த டேட்டாவைச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது, செத்தவீட்டில்கூட. அந்த ரவுட்டர் முன்மேசைக்கு அடியில் இடது கால் படும் இடத்தில் இருந்தது. அது இன்னமும் அங்கேதான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். எந்தப் பிளக் என்று தெரிந்து வைத்திருங்கள்.

சுகந்தியிடம், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நில், நான் தலையை அசைத்தால் நேரே நட, யாரையும் பார்க்காதே என்றேன். போனைக் கைப்பைக்குள் போட்டாள். நான் மேசைக்குப் போய்க் குனிந்து பிளக்கைக் கழற்றினேன்.

முதலில் ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மண்டபத்துக்குள் ஒரு முணுமுணுப்பு. லைவ் நின்றுவிட்டது. ஆள் இறந்தபோதுகூட அந்தக் குடும்பத்தில் இவ்வளவு பதற்றம் இருந்திருக்காது. எல்லோரும் தங்கள் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள், தங்களுடையதும் நின்றுவிட்டதா என்று. சித்தப்பா போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கற்பூரத் தட்டைக் காட்டுவதுபோல ஒரு சுற்றுச் சுற்றினார். ஆண்கள் சிக்னல் தேடி விறாந்தைக்கு வந்தார்கள். லைவ் வரட்டும் ஐயா, அதற்குப் பிறகு செய்யலாம் என்று குருக்களையும் நிற்பாட்டி விட்டார்கள். குருக்கள் தம்முடைய போனை எடுத்தார்.

நான் தலையை அசைத்தேன். சுகந்தி நடந்தாள்.

இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவளைக் கண்டால் துரத்த வேண்டும் என்று சொல்லி வைக்கப்பட்ட அத்தனை பேருக்கும் நடுவால் அவள் நடந்துபோனாள். விறாந்தையில் சித்தப்பாவைத் தோளோடு தோள் உரசிக் கடந்தாள். அவர் திரையிலிருந்து கண் எடுக்காமல் வழிவிட்டார். அவளைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கித் திரிந்த பெரியம்மா ஒருவர், குனிந்த தலை குனிந்தபடியே கால்களை ஒடுக்கிக்கொண்டார். போன் மட்டும் இல்லையென்றால் அந்தப் பெண் வாசலைத் தாண்டியிருக்க மாட்டாள். போனின் நன்மைகள் என்று உங்களை யாராவது கட்டுரை எழுதச் சொன்னால் இதையும் சேருங்கள்.

பெட்டியடியில் அந்த நேரம் இறந்தவரைப் பார்க்க ஒருவரும் இல்லை, மனைவியைத் தவிர. கமெராவும் இல்லாததால் அவர் முதல் தடவையாகக் கணவரின் பக்கம் திரும்பி இருந்தார். மகளைக் கண்டார். கத்தவில்லை, எழவில்லை. கதிரையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், பஸ்ஸில் நகர்ந்து இடம் விடுவதுபோல. சுகந்தி தகப்பனின் கால்களைத் தொட்டாள். பிறகு தாயிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா தன்னோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தவர் என்று சொல்லத்தான் இருக்கும்.

"தெரியும் பிள்ளை" என்றார் தாய். "நடக்கப் போக முதல் அவற்ற போனுக்குச் சார்ஜ் போடுறது நான்தானே."

நான் பூச்சாடியைச் சரிசெய்வதுபோலப் பக்கத்தில் நின்றேன். அதனால் அது என் காதில் விழுந்தது. எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு காலமும் மூன்று பேருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை மூன்று பேரும் தெரியாததுபோலக் காத்து வந்திருக்கிறார்கள், லண்டனுக்குப் பயந்து. தாய் அரிசித் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பிடி அள்ளி மகளின் கையில் வைத்தார். குருக்கள் இல்லாமல், லைவ் இல்லாமல், சுகந்தி தகப்பனுக்கு வாய்க்கரிசி போட்டாள்.

சித்தப்பா என் மேசைக்கு வந்து நிற்பது தெரிந்து ஓடினேன். என்ன உங்களுடைய வை-ஃபை என்று சீறினார். மழைக்கு இப்படித்தான் ஐயா, பார்க்கிறோம் என்றேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் ஆகாயத்தைப் பார்க்கவில்லை, ஆகவே நம்பினார்.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது தர்சனை. இளம் பிள்ளைகளின் பொறுமை எவ்வளவு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொறுத்துப் பார்த்துவிட்டு, இது சரிவராது, நான் என் டேட்டாவைப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டான். தன் போனிலிருந்தே தலைமாட்டுப் போனுக்கும் இணைப்புக் கொடுக்கப் பெட்டியடிக்குப் போனான். முக்காலிக்கு முன்னால் சுகந்தி நின்றாள். அவனுடைய சொந்தப் பெரியப்பாவின் மகள். "கொஞ்சம் விலகுங்கோ அக்கா" என்று முகத்தைப் பாராமலே சொல்லி, அவள் தோளுக்கு மேலால் கையை நீட்டி லைவை உயிர்ப்பித்தான். பிறகு லண்டனுக்கு எடுத்தான்.

நான் மண்டப வாசலில் நின்றேன். ஓடிப்போய்த் தடுக்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

அப்பாவைக் காட்டு என்றார் மகன். தர்சன் காட்டினான். போன் பெட்டியின் கால்மாட்டிலிருந்து மெல்ல மேலே வந்தது.

"நில்லு. ஆர் அது?"

மண்டபத்தில் இருந்த எல்லோரும் ஒன்றாகத் தலை நிமிர்ந்தது அந்த நாளில் அப்போதுதான். நிமிர்ந்து, தங்கள் நடுவால் நடந்துபோனவளைக் கண்டார்கள். மகனின் குரல் போனின் ஒலிபெருக்கியில் கரகரத்தது. அவளை வெளியே அனுப்புங்கள் என்று சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா ஓர் அடி முன்னுக்கு வைத்தார். சுகந்தி ஏற்கெனவே கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பத் தொடங்கியிருந்தாள். அவள் பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டாள், தாய்க்குக் கரைச்சல் கொடுக்க அவள் வரவில்லை.

"அம்மா, உங்களுக்குச் சொன்னனான் எல்லே? அவள் நிண்டா இனி நான் எடுக்கமாட்டன்."

அந்த அம்மா எழுந்தார். காலையிலிருந்து அவர் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை. ஒரு கையால் மகளின் சேலைத் தலைப்பைப் பிடித்து அவளை நிறுத்தினார். தர்சனுக்கு முன்னால் போய் நின்று, அந்தச் சின்னத் திரைக்குள் இருந்த மகனை நேரே பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. பின்வரிசைக்குக் கேட்டிருக்காது.

"தம்பி, இருந்து பாக்கிறதெண்டா பார். இல்லாட்டி வை."

சொல்லிவிட்டு வந்து தன் கதிரையில் உட்கார்ந்தார், இந்த முறை கணவரைப் பார்த்து, கமெராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பின்வரிசை, என்ன சொன்னா, என்ன சொன்னா என்று கழுத்தை நீட்டியது.

அப்போது சுகந்தியின் கைப்பைக்குள் அணைக்காமல் விட்ட போன், சில நொடி பிந்தி, மண்டபத்தில் பின்வரிசை வரைக்கும் கேட்கும்படி அதைத் திரும்பச் சொன்னது. "இருந்து பாக்கிறதெண்டா பார். இல்லாட்டி வை." லைவில் போய்விட்டது. கனடாவும் பிரான்சும் அவுஸ்திரேலியாவும் கேட்டிருக்கும். தலைமாட்டுத் திரையில் இதயங்கள் நின்றுபோயிருந்தன.

சித்தப்பா எடுத்து வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார். குருக்கள் போனை மடியில் செருகிவிட்டு, வாய்க்கரிசி போடுகிறவர்கள் வாருங்கோ என்றார். தர்சன் கையில் இருந்த போனை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றான். நான் போய் அதை வாங்கிப் பெட்டியின் ஓரத்தில் சாய்த்து வைத்தேன், தகப்பனின் முகம் கிட்டத் தெரியும்படியாக. திரையில் மகன் இருந்த கட்டம் இருண்டிருந்தது, தன் கமெராவை அணைத்துவிட்டார். உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சுவது மட்டும் மெல்லக் கேட்டது.

பெட்டி மூடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். லண்டன் போனை வைக்கவில்லை.